கிடைக்காத வேலைக்கு வாழ்த்து

என் தொழில் என்ன என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்வதை நான் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பெரிய நிறுவனங்களின் பெரிய பதவிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பவன் நான். வேலை இல்லாதவனுக்கு வேலை வாங்கித் தருவதல்ல இது. வேலையில் சௌகரியமாக உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, வேறொரு நாற்காலியைக் காட்டி, அது இதைவிட மெத்தென்று இருக்கும் என்று நம்பவைப்பது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த மாமா ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே சொன்னார்:

"இதுக்கா இவ்வளவு இழுத்த? கங்காணின்னு சொல்லிட்டுப் போயேன்லா."

பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு வழியில்லை, அவர் சொன்னது சரி. என் கொள்ளுத்தாத்தாவைப் பேசிப் பேசிக் கப்பலேற்றி, மலாக்காவில் கொண்டுவந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவ நிறுத்தியவருக்கும் இதே வேலைதான். அவர் ஊர் ஊராக நடந்தார். நான் அதே மலாக்காவில், பாயா ரும்புட்டில் ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலால் நடக்கிறேன். அவர் தலைப்பாகை கட்டியிருப்பார். நான் தளத்தில் கோட்டு போட்டிருக்கிறேன். கோட்டு மைத்துனருடையது. படத்தில் தோள் வரைதான் தெரியும் என்பதால் பொத்தான் எட்டவில்லை என்ற விவரம் இதுவரை வெளியே வரவில்லை.

தளம் என்று நான் சொல்வது உத்தியோகஸ்தர்கள் வரிசையாக நின்று ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் அந்த வலைத்தளத்தை. கோலாலம்பூரில் பெரிய நிறுவனம் ஒன்றில் இதே வேலையைப் பார்த்தபோது வாடிக்கையாளரைப் பிடிக்க ஹோட்டல் சாப்பாடு இருந்தது. அந்த நிறுவனம் ஒரு நாள் என்னையும் என் பிரிவையும் அழகான ஆங்கிலத்தில் வெளியே அனுப்பிய பிறகு, ஊருக்குத் திரும்பி வந்து தனிக்கடை போட்டேன். தனிக்கடைக்காரனுக்கு ஹோட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது. ஆள் தேடும் கம்பெனிக்காரர்களும் அந்தத் தளத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். ஒரே குளம், இரண்டு வகை மீன், இரண்டுக்கும் ஒரே புழு. புழு நான்தான்.

முதலில் அறிவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மேலாளரை எப்படி எடைபோடுவது, நேர்காணலில் என்ன கேட்கக் கூடாது, நல்ல ஆள் ஏன் மூன்றாம் வருடம் விலகுகிறான் என்றெல்லாம் இருபது வருட அனுபவத்தைப் பிழிந்து எழுதினேன். விருப்பம் தெரிவித்தவர்கள் இருவர். ஒருவர் என் மனைவி. இன்னொருவர் தண்ணீர் வடிகட்டி விற்பவர். அவர் எல்லோருக்கும் விருப்பம் தெரிவிப்பார்.

பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் மின்சாரம் போய்விட்டது. நிதிப் பிரிவு இயக்குநர் ஒருவரை மாடிப்படியில் உட்காரவைத்து நேர்காணல் செய்ய வேண்டியதாகிவிட்டது. அவர் தன் தலைமைப் பண்புகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து சலவைக்கடைக்காரி ஏறிவந்து யாரோ ஒருவருடைய படுக்கை விரிப்பை எங்கள் இருவருக்கும் நடுவே கைப்பிடிச் சுவரில் காயப்போட்டுவிட்டுப் போனாள். எரிச்சலில் அதை அப்படியே எழுதிப் போட்டேன். ஊரே படித்தது. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் அறிவு யாருக்கும் தேவையில்லை; என் அவமானம்தான் தேவை. அதில் என்னிடம் கையிருப்பு நிறைய இருந்தது.

பக்கம் வளர்ந்தது. வளர்ந்ததும் முதலில் வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, நம் ஆட்கள். "அண்ணே, தம்பிக்கு ஒரு வேலை பாருங்க" என்று ரெசுமேக்கள் வந்து குவிந்தன. பலவற்றில் நான்கு மூலைகளிலும் மஞ்சள் இருக்கும். அச்செடுத்து, மூலைக்கு மஞ்சள் தடவி, சாமி காலடியில் வைத்து எடுத்து, அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவார்கள். சிலவற்றில் ஒரு பூவிதழும் படத்தில் விழுந்திருக்கும். பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்தவர், லாரி ஓட்டுபவர், கோயில் துணைப் பொருளாளரின் மகன். நான் இயக்குநர்களைத் தேடுபவன் என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். "பரவால்லண்ணே, இயக்குநர் வேலையும் செய்வான்" என்று பதில் வந்தது.

வாடிக்கையாளர்கள் வந்தபோது அவர்களுடைய தேவைப் பட்டியலின் அடியில் மாண்டரின் தெரிந்தவர் விரும்பத்தக்கவர் என்றொரு வரி சிறிய எழுத்தில் இருக்கும்; சீனர்தான் வேண்டும் என்பதை வாயால் சொல்லாமல் சொல்லும் வழி அது. எந்திரங்களோடு மட்டும் பேசவேண்டிய வேலைகளுக்கும் அந்த வரி இருந்தது. எந்திரங்கள் மாண்டரின் பேசுவதாக எனக்குத் தகவல் இல்லை. ஆனால் புழுவுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. தலையாட்டிவிட்டு மஞ்சள் தடவாத ரெசுமேக்களைத் தேடப் போவேன்.

இந்த இடத்தில் தலைவரைச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரக் கோயிலின் தலைவர். இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கோயில் மண்டபத்தில் வந்து பேசச் சொன்னார். தலைப்பு: தொழில் தளத்தில் நம்மவர் முன்னேறுவது எப்படி. அன்னதானத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள்தான் என் சபை. பருப்பு வெந்துகொண்டிருந்த வாசனையோடு போட்டி போட்டுக்கொண்டு பேசினேன். அதில் ஒரு வாக்கியம்: "மத்தவங்க வெற்றிய முதல் ஆளா கொண்டாடுங்க. அப்பத்தான் உங்க பக்கத்துக்கு ஆளு வரும்." எங்கள் தொழிலில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் வாக்கியம்தான். மண்டபத்தில் ஒருவர் மட்டும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். தலைவர்.

அதற்குப் பிறகு அவர் ஓயவே இல்லை. வாழ்த்துச் சுவரொட்டி என்ற கலை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. மேலே சாமி, அதன் கீழே வாழ்த்துபவரின் படம், கைகூப்பியபடி, பெரிதாக, இரு பக்கமும் துணைத்தலைவர், செயலாளர், மகளிர் பிரிவு, வாழ்த்தப்படுபவர் எங்கேனும் இடம் மிஞ்சியிருந்தால் அங்கே. இதுவரை சுவரிலும் கைபேசிக் குழுக்களிலும் இருந்த அந்தக் கலையைத் தலைவர் கோட்டு போட்டவர்களின் தளத்துக்குக் கொண்டுவந்தார். யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும், யார் மகள் பட்டம் வாங்கினாலும், மறுநாள் காலை தலைவர் கைகூப்பிக்கொண்டு நிற்பார். அவர் மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் ஒரு படையே வந்து "வாழ்த்துகள்", "வாழ்க வளமுடன்", "நம் இனத்துக்குப் பெருமை" என்று அடுக்கும். நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அவருடைய படை என் பதிவுகளுக்கும் வந்து விருப்பம் போட்டது. அதனால் சிரிப்பை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வாடிக்கையாளர் வந்தார். மஸ்ஜித் தானா போகும் சாலையில் ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குப் பாகங்கள் செய்கிறவர்கள். அவர்களுடைய மனிதவளத் தலைவி சிங்கப்பூரில் இருந்தார். படுக்கை விரிப்புப் பதிவைப் படித்துச் சிரித்ததாகவும், இப்படி எழுதுகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று தோன்றியதாகவும் சொன்னார். தரப் பிரிவுக்கு ஓர் இயக்குநர் வேண்டும். தேவைப் பட்டியலின் அடியில் அந்தச் சிறிய எழுத்து வரி இல்லை. நான் இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த நாற்காலியில் அப்போது ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன்னை மாற்றப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. எங்கள் தொழிலில் இது அன்றாடம் நடப்பதுதான். ஒருவருடைய இடத்தை அவர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அளவெடுத்துவிடுவோம். நாகரிகமாக அதற்கு ரகசியத் தேடல் என்று பெயர். விளம்பரம் கிடையாது, பதிவு கிடையாது. தளத்தில் ஓசைப்படாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டவேண்டியதுதான்.

அப்படிப் புரட்டியபோது கிடைத்தவர் அவர். பக்கத்தில் படம் இல்லை. சாதனைகள் இல்லை. பதவி, வருடங்கள், சொந்த ஊர் மலாக்கா, பணிபுரிவது ஜொகூர் பாரு, அவ்வளவுதான். நல்ல ஆட்களின் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அலங்காரம் செய்ய அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. மூன்றாவது முறை என் வழக்கமான இனிப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, "வேலை மலாக்காவில். மஸ்ஜித் தானா சாலை" என்று மட்டும் எழுதினேன். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது: "எந்தப் பக்கம்?"

சனிக்கிழமை பாயா ரும்புட்டில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சந்தித்தோம். அவர் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. நாற்பதைத் தாண்டிய பெண். மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, ரசாயனம் படித்து, ஜொகூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஒரு வாடகை அறை. வெள்ளி இரவு வீடு. ஞாயிறு மாலை மறுபடியும் நெடுஞ்சாலை. கணவருக்கு இங்கே வேலை, அம்மாவும் இங்கே, மகளுக்கு இங்கே பள்ளி.

உட்கார்ந்ததும் கேட்டார்: "அண்ணே, ஒன்னு கேக்கவா? இது நெஜமாவே வேலையா, இல்ல சும்மா ரெசுமே சேக்குறீங்களா?"

"நெஜந்தான்மா."

"இல்ல, உங்க பதிவெல்லாம் படிப்பேன். படிக்கட்டுல உக்காந்த கதை, பெட்ஷீட் கதை எல்லாம் நல்லாருந்துச்சு. யாருக்காச்சும் வேலை வாங்கிக் குடுத்த கதைதான் ஒன்னும் காணல."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தர ஆய்வாளர் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

வேலையைப் பற்றிச் சொன்னேன். கேட்ட கேள்விகள் எல்லாம் கூர்மையானவை. என்னிடம் பாதிக்குத்தான் பதில் இருந்தது. சம்பளத்தைப் பற்றிக் கடைசிவரை அவர் கேட்கவில்லை. நானே எடுத்தபோது, கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எவ்வளவா இருந்தாலும் பரவால்லண்ணே. எம்மக முந்தியெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா 'போகாதீங்கம்மா'ன்னு அழுவா. இப்ப அழுறதில்ல. 'எத்தன மணிக்குப் போறீங்க'ன்னு கேக்குறா. வந்த விருந்தாளிகிட்ட கேக்குறோமே, அந்த மாதிரி."

சொல்லிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்தார்.

அடுத்த வாரங்களில் நான் இந்தத் தொழிலில் ஏன் இருக்கிறேன் என்பது எனக்கே கொஞ்சம் நினைவுக்கு வந்தது. முதல் நேர்காணலில் தொழிற்சாலையின் பொறியாளர்கள் வைத்த சிக்கலை அவர் அவர்களிடமே திருப்பிக் கேள்வியாக்கிவிட்டார் என்று மனிதவளத் தலைவி மகிழ்ச்சியோடு சொன்னார். இரண்டாவது நேர்காணல் ஐரோப்பாவிலிருந்து திரையில் நடந்தது. கடைசிப் பேச்சு ஒரு வியாழக்கிழமை. அன்று மாலை சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. முடிவாகிவிட்டது. வரும் வாரம் நிறுவனத்தின் பிராந்திய மேலதிகாரி நேரில் வந்து பழைய இயக்குநரிடம் பேசுவார்; அது முடிந்த கையோடு இவருக்குக் கடிதம். அதுவரை ஒரு சொல்கூட வெளியே போகக்கூடாது.

நான் அவரை அழைத்துச் சொன்னேன். "வீட்ல சொல்லலாமாண்ணே?" என்றார்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்தானே?"

"அவருக்குத் தெரியும். அம்மாதான் தினமும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்க யார்கிட்டயும் சொல்லமாட்டாங்கண்ணே. சாமிகிட்ட மட்டுந்தான் சொல்வாங்க."

சாமிகிட்ட மட்டும். இத்தனை வருட அனுபவத்தில் சாமியைவிட ரகசியம் காக்கும் ஒருவரை நான் சந்தித்ததில்லை. சரி என்றேன்.

சனிக்கிழமை காலை என் கைபேசி மேசைமேல் துடித்துக்கொண்டே இருந்தது. பல்லைத் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன். தளத்தில் தலைவர் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

மேலே அம்மன். கீழே தலைவர், பட்டு வேட்டியில். துணைத்தலைவர், செயலாளர், மகளிர் பிரிவு. வலது ஓரத்தில் அவர். தளத்தில் படம் இல்லாததால் ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள், தோளில் வேறு யாருடைய கையோ மிச்சமிருந்தது. பெயர், பதவி, தொழிற்சாலையின் பெயர், எதுவும் விடுபடவில்லை. "இயக்குநராகப் பொறுப்பேற்கும் எங்கள் மண்ணின் மகளை வாழ்த்தி வணங்குகிறோம்." தொழிற்சாலையின் பக்கத்தையும் இணைத்திருந்தார், அப்படி இணைத்தால்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பதும் மண்டபத்தில் என் வாயால் சொன்னதுதான். கீழ் மூலையில் சிறிய வட்டத்துக்குள் ஒரு முகம். மைத்துனரின் கோட்டு. அடியில் "வழிகாட்டியவர்" என்ற பட்டம்.

தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி! பாத்தீங்களா? உங்க போட்டோவும் போட்டுருக்கேன். விட்டுப்போச்சுன்னு வருத்தப்படக் கூடாதுல்ல."

"தலைவரே, அத உடனே எடுங்க."

"ஏன், என் போட்டோ பழசுன்னா? மாத்தச் சொல்லியாச்சு."

"அந்த வேலை இன்னும் கெடைக்கல தலைவரே. கடிதமே வரல."

"என்னா தம்பி நீங்க. நேத்து அவங்கம்மா அர்ச்சனைக்கு வந்தாங்க. ஐயரு பேரு நட்சத்திரம் கேட்டாரு. ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் போய்ட்டு இருக்கா, அந்தம்மா சத்தமா சொல்லுது, எம்மகளுக்கு இந்தக் கம்பெனியில டைரக்டர் வேலை அமையணும்னு. அங்க நின்ன அத்தன பேருக்கும் கேட்டுச்சு. நாந்தான் கிட்டப் போயி வெவரம் கேட்டேன், போட்டோ வாங்குனேன். பாவம், கோயில் மலருக்குன்னு நெனச்சிருச்சு."

"அமையணும்னுதானே சொன்னாங்க. அமைஞ்சிருச்சுன்னு சொல்லலையே."

"நம்ம அம்மன்கிட்ட கேட்டாச்சு, அர்ச்சனையும் பண்ணியாச்சு. அப்பறம் அமையாம எங்க போவும்? உங்களுக்கு நம்பிக்க இல்லன்னா அதுக்கு நான் என்னா பண்றது?"

நான் ரகசியத் தேடலைப் பற்றிச் சொன்னேன். அந்த நாற்காலியில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றேன். தலைவர் கொஞ்சம் யோசித்தார்.

"அந்த ஆளுக்கே தெரியாமலா ஆளு தேடுறீங்க? அது தப்பில்லையா தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "நீங்கதானே சொன்னீங்க, மத்தவங்க வெற்றிய முதல் ஆளா கொண்டாடுங்கன்னு. திங்கக்கிழம வரைக்கும் காத்திருந்தா பக்கத்துக் கோயில்காரன் போட்டுருவான்லா. இப்ப எடுத்தா மரியாதையா இருக்காது. எத்தன பேரு வாழ்த்து சொல்லிட்டாங்க, நான் நன்றி வேற சொல்லியாச்சு."

கெஞ்சி, அதட்டி, கடைசியில் கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம் தருவதாகச் சொன்ன பிறகு எடுத்தார். அதற்குள் மத்தியானமாகிவிட்டது. தொழிற்சாலையில் சனிக்கிழமை ஷிப்டு உண்டு. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் சுவரொட்டியைக் கைபேசியில் சேமித்து, பெருமையோடு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன், நல்ல பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும், நேராகப் பழைய இயக்குநரிடமே போய், "சார், நீங்க பதவி உயர்வுல எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தபோது மனிதவளத் தலைவியின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பேசிச் சமாளித்திருப்பேன். பழையவர் வக்கீலோடு பேசிவிட்டார், இப்போதைக்கு அவரைத் தொட முடியாது, பதவி மாற்றத்தைத் தலைமையகம் ஒத்திவைத்துவிட்டது என்றார். அந்தப் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொன்னேன். அவருடைய அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டார், அவ்வளவுதான் என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு, ரகசியம் காப்பது அந்தப் பொறுப்பில் பாதி வேலை, மேலிடம் அப்படித்தான் பார்க்கும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சுவரொட்டியில் உங்கள் முகமும் இருந்தது என்பதைக் கடைசியாக, கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

அம்மாவின் பிரார்த்தனைக்கும் மகளின் தகுதிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காத இன்னொன்றும் உண்டு. அந்தத் தொழிற்சாலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஒருவரை நான் கொடுத்திருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சுவரொட்டி போதுமானதாக இருந்தது. இத்தனை காலம் அந்தச் சிறிய எழுத்து வரியைத்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரி இல்லாத இடத்தில் நாங்களே ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டோம், மேலே அம்மன் படத்தோடு.

அன்றே அவரிடம் நேரில் சொல்ல அதே மாமாக் கடைக்குப் போனேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"போயிருச்சாண்ணே?"

"போயிருச்சும்மா."

தேநீரைக் கலக்கினார். கலக்கவேண்டிய அவசியம் இல்லாத தேநீர். பாலும் சர்க்கரையும் இல்லாதது.

"ஜொகூர்ல எங்க பாஸும் பாத்துட்டாரு. காலையில மெசேஜ் அனுப்பிருக்காரு, 'கன்கிராட்ஸ், கடைசி நாள் எப்ப'ன்னு. இல்ல சார், அது பொய், நான் எங்கயும் போவலன்னு எழுதினேன். பதினாலு வருசமா பாக்குற வேலைய எனக்கே குடுங்கன்னு கெஞ்ச வச்சுட்டாங்கண்ணே."

நான் தலைவரைத் திட்டத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார்.

"விடுங்கண்ணே. எங்கம்மா சாப்பிடாம உக்காந்திருக்காங்க. சாமிகிட்ட கேட்டது தப்பான்னு கேக்குறாங்க. அதுக்கு மொதல்ல ஒரு பதில் சொல்லுங்க, அப்பறம் அவரத் திட்டலாம்."

எழுந்திருக்கும்போது அவரே என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். நான் தடுத்தேன். "அடுத்த பதிவுல இதையும் எழுதிறாதீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் இவ்வளவு காலம் எழுதாமல் இருந்தேன். இப்போதும் தளத்தில் எழுதவில்லை. இங்கே, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "யாரு அண்ணே படிக்கப்போறா" என்று அனுமதி கொடுத்தார்.

எனக்கு அந்தச் சுவரொட்டியால் நஷ்டம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை போனது உண்மை. ஆனால் வழிகாட்டியவர் என்ற பட்டம் வெகுதூரம் பரவியிருந்தது. என் பக்கத்துக்கு அதுவரை வராத கூட்டமெல்லாம் வந்தது. இரண்டு புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். இருவருடைய பட்டியலிலும் அந்தச் சிறிய எழுத்து வரி இருந்தது. மஞ்சள் தடவிய ரெசுமேக்கள் இன்னும் வேகமாக வந்தன. ஒரு நாள் பழைய இயக்குநரிடமிருந்தே செய்தி வந்தது. என் நாற்காலிக்கு ஆள் தேடியவர் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன், நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், எனக்கும் ஓர் இடம் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். கேலி இல்லை, ரெசுமேயும் இணைத்திருந்தார். அவருக்கு இடம் கிடைத்தது. நான்தான் பார்த்துக் கொடுத்தேன். சிரம்பானில் நன்றாக இருக்கிறார். அவர் காலி செய்துவிட்டுப் போன நாற்காலியில் தலைமையகம் தன் ஆள் ஒருவரைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

தலைவர் இன்னும் தலைவர்தான். கும்பாபிஷேக மலரில் என் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் அவருடைய படமும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தளம் எனக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பியது. நீங்கள் அறிந்த ஒருவர் தம் நிறுவனத்தில் இன்னொரு ஆண்டை நிறைவு செய்திருக்கிறார், வாழ்த்துங்கள் என்று. பார்த்தேன். அவர்தான். அதே ஜொகூர், அதே பதவி. பக்கத்தில் இன்னும் படம் இல்லை. வாழ்த்தை யோசித்து எழுதும் சிரமம்கூட வேண்டாம். தளமே வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தது, அழுத்தினால் போதும். எனக்கு முன்பே பலர் அழுத்தியிருந்தார்கள். முதல் ஆள் தலைவர். கைகூப்பிய படம், "நம் இனத்துக்குப் பெருமை".

அதன் கீழே அவர் பதில் போட்டிருந்தார்: "நன்றி ஐயா." சற்று முன்புதான். ஞாயிறு சாயங்காலம் அந்த நேரத்துக்கு அவர் ஜொகூர் போகும் வழியில் பாகோ ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, பால் இல்லாத தேநீர் வாங்கியிருப்பார். மகள் எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பாள், இவர் சொல்லியிருப்பார்.

நான் வாழ்த்தை அழுத்தாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கீழே சலவைக் கடையில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.